காலியாக விடக் கூடாத கட்டம்

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லோரும் நல்லவர்களாகிவிடுவோம். போன வருடம் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினோம். பொறுக்கியதைவிட போட்டோ எடுத்தது அதிகம். இந்த வருடம் இலங்கைத் தமிழர் முகாம். நாகர்கோவிலிலிருந்து வேனில் முக்கால் மணி நேரம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், நெஞ்சில் கம்பெனி பெயர், முதுகில் 'கைகொடுப்போம்' என்று அச்சடித்திருந்தது. எனக்குக் கிடைத்தது இரண்டு அளவு பெரியது. கை கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் கையைத் தேடி வெளியே எடுக்க வேண்டும்.

வேலை பிரித்தார்கள். பாதிப்பேர் அங்கிருக்கும் கூடத்தின் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பது. டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கு 'வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி' என்று வகுப்பெடுப்பது நான். வகுப்பெடுக்க என்ன தகுதி என்று வேனில் என் டீம் லீடே கேட்டார். காலேஜில் எனக்கு மூன்று வருடம் சீனியர்.

"ஏலே, நீ வேலைக்கு வந்ததே நான் சொல்லித்தான். நீ போயி அதுகளுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கப் போற?"

"நமக்கு வாய் இருக்குல்லாண்ணே."

"அது மட்டுந்தான் இருக்கு மக்கா."

நான் கண்டுகொள்ளவில்லை. நாற்பது ஸ்லைடு தயாராக இருந்தது. போதாததற்கு ஒரு மெல்லிய, சோகமான குரலையும் வீட்டுக் குளியலறையில் பயிற்சி செய்து வைத்திருந்தேன். அகதிகள் என்றால் கூடாரம், கண்ணீர், கையேந்தும் வரிசை என்று என் மண்டைக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. போய் இறங்கினால், வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், வாசலில் செம்பருத்தி, பைக், டிஷ் ஆண்டெனா. கூடத்தில் இருபது பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்ததில் பாதிப்பேர் என்னைவிட நல்ல மார்க்.

இருந்தாலும் பயிற்சி எடுத்த குரலை வீணாக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினேன். முதல் வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"அண்ணா, கொஞ்சம் வேகமாவே பேசலாம். எங்களுக்கு வெளங்கும்."

சுத்தமான நாகர்கோவில் தமிழ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளிக்க, "நீங்க இங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வரல்லண்ணா. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில பொறந்தேன்."

நானும் அதே ஆஸ்பத்திரிதான். எனக்கு இந்தியா என்று எழுதினார்கள், அவளுக்கு எழுதவில்லை. அம்மாவும் அப்பாவும் படகில் வந்தவர்கள் என்பதால், இங்கேயே பிறந்து, இங்கேயே பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தும் காகிதத்தில் அவள் இலங்கை. அந்த நாட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குரலைக் கைவிட்டு ஸ்லைடுக்குத் தாவினேன். ஒன்பதாவது ஸ்லைடு என் பெருமைக்குரியது. பெரிய எழுத்தில்: 'விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்!' வியப்புக்குறியைச் சிவப்பில் போட்டிருந்தேன்.

மறுபடியும் அவள் கை.

"கட்டத்துல நம்ம பதிலே இல்லன்னா என்ன செய்யணும்?"

"கிட்டத்தட்ட பொருந்துறது எதுவோ, அதப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும். இதுக்கெல்லாம் யோசிக்கப்பிடாது."

"அப்ப நாடுங்கிற இடத்துல இந்தியான்னு போடட்டா? அங்க அது ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு நான் பொய் சொன்னேன்னு வெளிய அனுப்ப மாட்டாங்களா?"

"எந்தக் கம்பெனி அது? இப்படி மண்டையில்லாம ஃபார்ம் செஞ்சு வச்சிருக்கான்?" என்று வீராவேசமாகக் கேட்டேன்.

அவள் என் டீ-ஷர்ட்டைப் பார்த்தாள். "உங்க கம்பெனிதான்."

கம்பெனி வெப்சைட்டில் அந்த ஃபார்மைச் செய்தது நான்.

கடைசித் தேதி அன்றைக்குத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டையும் நான்தான் செய்திருந்தேன், கொஞ்சம் கர்வத்தோடு. அப்போது மணி நான்கு பத்து.

"மூணு தடவ கருத்துப் பெட்டியில எழுதிப் போட்டேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை, விவரம் சொல்கிற மாதிரி. "மூணு தடவையும் 'உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்'னு பதில் வந்துச்சு."

அந்தப் பொக்கிஷமும் என் கைவரிசை, தானாகப் போகும் பதில். அதைவிட மோசம், அவள் எழுதியது மூன்றும் எனக்கு நினைவிருந்தது. 'நாட்டின் பெயர் பட்டியலில் இல்லை' என்று வந்ததை டீமில் சத்தமாகப் படித்துக் காட்டி, "நாகர்கோவில்ல வேல பாக்க அமெரிக்காக்காரன் அப்ளை பண்ணுகான் மக்கா" என்று ஜோக் அடித்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்ததும், காரணம் என்ற இடத்தில் 'தேவையில்லை' என்று போட்டு அந்தப் புகார்களை மூடியவன் நான்.

ஓடிப்போய் எச்.ஆர். அக்காவைப் பிடித்தேன். அவர் கையெல்லாம் நீலப் பெயின்ட்டோடு நின்றார்.

"அக்கா, முகாம்ல உள்ளவங்கள நாம எடுக்கலாமா?"

"ஏன் எடுக்கப்பிடாது? முன்னாடி ஒருத்தர் நம்மகிட்ட வேல பாத்துட்டுப் போயிருக்காரே. அதுக்காகத்தான் எல்லா நாட்டையும் போடுன்னு உனக்கு எழுதியே கொடுத்தேன். போட்டியா?"

"அப்புறமா போடலாம்னு…"

"அப்புறம்னா?"

"தேதிய நீட்டவோ, பேப்பர்ல வாங்கவோ முடியுமாக்கா?"

"தேதி விளம்பரத்துல போட்டாச்சு, நீட்ட முடியாது. ஃபார்ம் வழியா வந்தாத்தான் டெஸ்ட் லிஸ்ட்ல பேரு ஏறும். அதுவும் நீ செஞ்சதுதான்."

என்னைவிட ஒழுங்காக எனக்கே கதவைப் பூட்டிக்கொண்டவன் உலகத்தில் கிடையாது.

லேப்டாப் வேனில் இருந்தது. எடுத்துக்கொண்டு டீம் லீடிடம் போய் நின்றேன். சனிக்கிழமை லைவில், அதாவது ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வெப்சைட்டில், எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் டீமின் சட்டம்.

"சனிக்கிழம கை வைக்கப்பிடாதுன்னு கொட்ட எழுத்துல எழுதி ஒட்டுனது யாருலே?"

"நாந்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நடலே. ஒடஞ்சா நான் சொல்லிக்கிடுகேன்."

கூடத்தில் சிக்னல் இல்லை. "தண்ணி டேங்க் படியில நின்னாத்தான் நெட்டு கிடைக்கும், நான் எப்பவும் அங்கதான் போவேன்" என்று அந்தப் பெண்தான் கூட்டிப்போனாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது படியில் நான் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார, என் தலைக்கு மேல் டீம் லீட் குடை பிடித்தார். சரியாகச் சொன்னால், லேப்டாப்புக்குப் பிடித்தார். கீழ்ப்படியில் அவள், துப்பட்டாவுக்குள் போனை வைத்துக்கொண்டு.

உலக நாடுகள் அத்தனையையும் ஏற்றினேன். ஏழே நிமிடம். இந்த ஏழு நிமிடத்தைத்தான் நான் இரண்டு மாதமாக 'அப்புறம்' என்று வைத்திருந்தேன்.

"இலங்கை வந்துட்டு" என்றாள். பிறகு, "அண்ணா, இப்ப பாஸ்போர்ட் நம்பர் கேக்கு. இல்லாம விட மாட்டேங்கு."

அதுவும் நான்தான். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில். எனக்கு மீசை முளைக்கும் முன்பே அப்பா பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டார். ரேஷன் கார்டு மாதிரி அது எல்லோரிடமும் இருக்கும் சாமான் என்று நினைத்து, கட்டாயம் என்று குறித்திருந்தேன். என் விவரத்தைப் போட்டுத்தான் சோதித்தேன். எனக்கு வழிவிட்டது, ஊருக்கே வழிவிடும் என்று முடிவு கட்டினேன்.

"எடுத்துட்டேன். பாரும்மா."

அதற்குள் அவள் அம்மா மழையில் ஓடிவந்தார், கையில் டீயோடு மூடி போட்ட தூக்கு.

"நனையாதேங்கோ தம்பி. தேத்தண்ணி குடியுங்கோ." மகளைப் பார்த்து, "என்னவாம், போகுதாமோ?"

"இல்லையம்மா, இன்னும் போகேல்ல." அந்த மூச்சிலேயே என் பக்கம் திரும்பி, "அண்ணா, இப்ப வாக்காளர் அட்ட நம்பர் கேக்கு."

குடைக்கு மேலிருந்து குரல்: "மக்கா, இன்னும் என்னெல்லாம் வச்சிருக்க? மொத்தமா சொல்லிரு."

நாலு நாற்பத்தெட்டு. அவசரத்தில் கோடிங்கில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன், ஃபார்ம் முழுக்கவே வெள்ளைத் திரையாகிவிட்டது. அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு வாழ்நாளுக்கும் போதும். அவள் அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தூக்கின் மூடியைத் திறக்காமலே நின்றார்.

"பதறாத. கடைசியா எங்க கை வச்ச? அங்க போ" என்றார் டீம் லீட், முதல் தடவையாக 'லே'யும் 'மக்கா'வும் போடாமல்.

புள்ளியைக் கண்டுபிடித்தேன். ஃபார்ம் திரும்பி வந்தது. அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினாள். விரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நாலு ஐம்பத்தேழு.

"போயிட்டு" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய விண்ணப்ப எண்ணும், கீழே என்னுடைய வாசகமும்: 'எங்கள் குடும்பத்தில் இணைய நீங்கள் எடுத்த முதல் அடிக்கு வாழ்த்துகள்!' இதிலும் வியப்புக்குறி.

"போட்டுதம்மா!" என்று அவள் திரும்பிச் சொன்னதும்தான் அந்த அம்மா தூக்கைத் திறந்தார். தேத்தண்ணி ஆறியிருந்தது. டீம் லீட் இரண்டு டம்ளர் குடித்தார். நான் மூன்று.

"உங்க வகுப்பு இன்னும் முடியலியேண்ணா" என்றாள் அவள்.

"முடிஞ்சு" என்றேன். மிச்சம் முப்பத்தொரு ஸ்லைடு இன்றுவரை யாரும் பார்க்காமல் பத்திரமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் டெஸ்ட் லிஸ்டை எச்.ஆர். அக்கா என் மேஜையில் கொண்டு வந்து போட்டார். கடைசி வரியில் அவள் பெயர். எனக்குத்தான் ஏதோ டெஸ்டில் பாஸான மாதிரி இருந்தது. அவளுக்கு டெஸ்ட் அடுத்த வாரம்தான், அதை அவளே பார்த்துக்கொள்வாள்.

எனக்கு வேறு சோலி இருந்தது. நான் 'தேவையில்லை' என்று மூடியிருந்த மூன்று புகார்களையும் திறந்தேன். திறக்கும்போது காரணம் கேட்கும், எழுதாவிட்டால் விடாது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று அடித்தேன். அழித்தேன். 'மறுபரிசீலனையின் பேரில்' என்று அடித்தேன். பின்னால் டீம் லீட் காப்பியோடு நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு எதுக்குலே? செஞ்சவன் சரியில்லன்னு போடு."

போட்டேன். மூன்றிலும்.