உப்புப் பூத்த பெட்டி

கடையைத் திறந்ததும் வசந்தாதேவி செய்கிற முதல் வேலை, கொம்பியூட்டர் பெட்டியின் முதுகில் பூத்திருக்கும் உப்பைத் துடைப்பது. ஈரத்துணி கூடாது, காய்ந்த துணிதான். முதல் நாள் பின்னேரம் சுத்தமாகத் துடைத்து மூடிவிட்டுப் போயிருப்பாள். காலையில் பார்த்தால் திருகாணிகளைச் சுற்றி மறுபடியும் வெள்ளையாகக் கசிந்திருக்கும். ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பேதான்.

களுவாஞ்சிக்குடியில் பிரதேச செயலகத்துக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது அவளுடைய கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, மேலே தகரம். காணிப் பெர்மிட், பிறப்புப் பதிவு, வேலிச் சண்டை என்று பத்தொன்பது வருடமாக ஊருக்கு மனு அடித்துக் கொடுத்தாள். கல்யாணம் பேசி வந்த ஒருவருக்குத் தட்டச்சு மெசினைக் காட்டி, "நானும் இதுவும் ஒண்டாத்தான் வருவம்" என்றாளாம். மெசினின் பாரத்தைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, வந்தவர் மறுபடி வரவில்லை. அதற்காக அவள் வருந்தியதாக யாருக்கும் தெரியாது.

அவள் அடித்த மனுவுக்கு அரசாங்கக் கந்தோர்களில் ஒரு மரியாதை இருந்தது. கந்தோரால் பதில் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுவது அவளுடைய வழக்கம். அழுகிறவர்களை அழவிட்டு, தண்ணீர் கொடுத்து, கடைசியில் தேதியையும் இலக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வாள். "பதில் இல்லாத கேள்வியொண்ட உள்ளுக்கு வச்சா, முழுக் கடதாசியையும் மூலைக்குள்ள போட்டுருவாங்க" என்பாள். யுத்தம் முடிந்த வருடம், பிள்ளைகளைத் தேடி வந்தவர்களுக்கு எழுதும்போது அவள் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று சொல்வார்கள். இது அதற்கு நாலு வருடம் முந்திய கதை.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒழுங்கை முனையில் ஒரு கொம்பியூட்டர் கடை வந்தது. சனம் அந்தப் பக்கம் திரும்பியது. வசந்தாதேவி இருந்த நகையை அடகு வைத்து, மட்டக்களப்பு டவுனில் வினாயகமூர்த்தி என்பவரின் கடையில் தானும் ஒன்று வாங்கினாள். நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'புத்தம் புதியது. பெட்டி பிரிக்காதது. மூன்று வருட உத்தரவாதம்.' நோட்டீசை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். எந்தக் கடதாசியையும் எறிகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இரண்டு கிழமையில் பெட்டி நின்று நின்று வேலை செய்யத் தொடங்கியது. சூடேறினால் கடைக்குள் பாசி வாடை அடித்தது. மனு அடிக்க வந்த ஒருவர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்து, "மீன் ஏதும் வாங்கி வச்சிரிக்கீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். டவுன் கடைக்கு மூன்று தரம் போனாள். வாவிக் காத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காத்தான்குடியிலிருந்து மர்சூக் வந்தான். கொம்பியூட்டர் திருத்துகிறவன், வாய் ஓயாதவன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவன் பேச்சு நின்றது. உள்ளேயிருந்து மேசையில் மணல் கொட்டியது. பொடி மணல், ஒரு சின்னச் சிப்பி.

"அக்கா, இது சிங்கப்பூர்ல இருந்து வந்த சாமானில்ல. கடலுக்குள்ள இருந்து வந்த சாமான்" என்றான். "வெளியால பெயின்ட் அடிச்சி, முன்பக்கம் புதிசு போட்டிரிக்கானுகள். உள்ளுக்கு எல்லாம் அந்தப் பழசுதான்."

அதோடு போயிருந்தால் அது வெறும் ஏமாற்றுக் கதையாக முடிந்திருக்கும். மர்சூக் அதன் ஹார்ட் டிஸ்க்கில் வேறு என்ன கிடக்கிறது என்று தேடினான். விற்றவர்கள் ஒரு பகுதியை அழித்துவிட்டு மற்றப் பகுதியை அப்படியே விட்டிருந்தார்கள். அதில் ஐந்து குரல் பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்.

ஒரு பெண்பிள்ளையின் குரல். "வணக்கம். நாவலடி வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு வந்திருக்கும் அனைவரையும்..." தடுமாறி, "சீ" என்று சிரித்து, திரும்பத் தொடங்கியது. விழாவுக்கு அறிவிப்புச் செய்யப் பழகியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டே இருந்தது. நாலு பதிவிலும் அப்படித்தான்.

ஐந்தாவது பதிவில் கடல் இல்லை.

தேதி டிசம்பர் 26, காலை எட்டு முப்பத்தொன்று. எங்கோ ஒரு நாய் விடாமல் குரைத்தது. "அடுத்து மேடைக்கு..." என்று அவள் தொடங்கும்போது தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "தக்ஷா, தேத்தண்ணி ஆறுது புள்ள!" என்றது. "வாறன் அப்பா." கதிரை இழுபடும் சத்தம். அதற்குப் பிறகு நிமிடம் முடியும் வரைக்கும் ஆளில்லாத அறை. நாயும் நின்றுவிட்டது.

"மைக் பழுதாயிரிக்கும்" என்றான் மர்சூக். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமலே சாமான்களை அள்ளிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு வசந்தாதேவி அந்தக் கடைசிப் பதிவை நாலைந்து தரம் போட்டாள். பட்டப்பகல், ஒழுங்கையில் சனம் போய்வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த அறை கேட்கத் தொடங்கியதும் தன்னையறியாமல் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மேசைக்கு முன்னால் இடம்விட்டு உட்கார்ந்திருந்தாள்.

மாவட்டச் செயலகமான கச்சேரியில் நுகர்வோர் முறைப்பாடு எடுக்கும் பகுதிக்கு எழுதினாள். நோட்டீஸ், பற்றுச்சீட்டு, மர்சூக்கின் கடிதம், எல்லாம் இணைப்பு. வினாயகமூர்த்தி பதில் அனுப்பியிருந்தார்: குரலை யாரும் பேசிப் பதியலாம், தேதியை யாரும் மாற்றலாம். விசாரிக்கிற உத்தியோகத்தர் ஒரு பெண், நல்ல மாதிரி. "இது என்ட சாமான் எண்டு ஒரு ஆள் வந்து சொன்னா முடிஞ்சிது" என்றார்.

நாவலடியில் வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. விசாரித்து விசாரித்து, திராய்மடுத் தற்காலிகக் கொட்டில்களில் அந்தத் தகப்பனைக் கண்டுபிடித்தாள். பெயர் கோணாமலை. மீன்வாடி வைத்திருந்தவர். மறுநாளே பஸ் ஏறி அவளுடைய கடைக்கு வந்தார்.

மகளின் குரலை அசையாமல் கேட்டார். தன்னுடைய குரல் வந்தபோதுதான் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "அது நான்தான்" என்றார். "அண்டைக்குக் காலத்தால கடல் சத்தம் போடல்ல புள்ள. என்னடா இண்டைக்கு எண்டு நானும் நெனச்சன்."

அன்று அவரைத் தண்ணீர் வாவிப் பக்கம் அடித்துப் போய்ப் பனையில் போட்டது. மகள் தக்ஷாயினி கிடைக்கவேயில்லை.

கொம்பியூட்டரை உத்தியோகத்தர் சொன்னபடி கட்டி வைக்க வேண்டியிருந்ததால், கோணாமலையின் கடிதத்தைப் பழைய மெசினிலேயே அடித்தாள். வெளிநாட்டிலிருக்கும் தம்பி வாங்கித் தந்தது, மகள் பாவித்தது, கடல் கொண்டுபோனது. அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். முடித்ததாக அவள் நினைத்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னுமொண்டு எழுதுங்க. இந்தப் பெட்டிய எவடத்த எடுத்தாங்க? எடுக்கக்குள்ள பக்கத்துல ஆரும் கிடந்தாங்களா? அத அந்த முதலாளிக்கிட்டக் கேட்டு எழுதுங்க. அதுக்குத்தான் நான் வந்த."

வசந்தாதேவியின் விரல்கள் மெசினின் மேல் நின்றன. பொறுக்கிய சாமான் என்று வந்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் பெட்டி வழக்குச் சாமானாகக் கோட்டுக்குப் போகும். வருடக்கணக்கில் அங்கே கிடக்கும். அவளுக்குப் புதுப் பெட்டியும் இல்லை, நட்டஈடும் இல்லை. ஒழுங்கை முனைக் கடை மட்டும் இருக்கும்.

"ஓம் அண்ணன்" என்றாள். விரல்கள் நடந்தன. 'இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள' என்று அடித்தாள். அவர் சொன்ன அவ்வளவுக்கும் ஒரு வரிச் சத்தம் போதாது என்று கீழே முழு முகவரியையும் அடித்தாள். கோணாமலையின் மூக்குக்கண்ணாடியைக் கடல் கொண்டுபோயிருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

விசாரணை நாளில் அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, வசந்தாதேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உத்தியோகத்தர் கடிதத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "என்ன சொல்றீங்க?" என்று வினாயகமூர்த்தியைக் கேட்டார்.

அவர் கோணாமலையை ஒருதரம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"புதிசு குடுக்கிறன் மிஸ். நட்டஈடும் தாறன். இதோட முடிப்பம்."

கடதாசி எழுதப்பட்டது. வினாயகமூர்த்தி கையெழுத்து வைத்தார். வசந்தாதேவி வைத்தாள். நகையை மீட்கலாம் என்று அவள் நினைத்து முடிக்கவில்லை, முதலாளி படியிறங்கிப் போய்விட்டார். கீழே மோட்டார் சைக்கிள் இயங்கும் சத்தம் கேட்டது.

"அவரு போறாரே மிஸ்" என்றார் கோணாமலை. "என்ட கேள்விய எப்ப கேக்கிற?"

"எந்தக் கேள்வி ஐயா?"

"கடிதத்துல இரிக்கே."

உத்தியோகத்தர் கடிதத்தைப் புரட்டினார். திரும்ப முன்பக்கம் பார்த்தார். "கேள்வியெண்டு இதில ஒண்டும் இல்லையே" என்று அவரிடமே நீட்டினார். கோணாமலை அதை வாங்கி, கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வசந்தாதேவியின் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"நான் சொன்னத நீ அடிக்கல்லியா புள்ள? மெசின் சத்தம் கேட்டதே."

அவளிடம் காரணங்கள் இருந்தன. பொலிஸ், கோடு, வருடக்கணக்கு. ஊருக்கெல்லாம் ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதுகிறவள், தான் கையெழுத்து வைத்த கடதாசியை மேசையில் நேராக்கி வைத்தாள்.

கோணாமலை கடிதத்தை மேசையில் வைத்து, எழும்பி, கதிரையைச் சத்தம் வராமல் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, அறையை விட்டுப் போனார்.