வீரப் பதக்கமும் ரமேஸின் சாரமும்

பசறை பஸ் நிலையத்தில் ஒரே ஆளைப் பற்றி இரண்டு வதந்திகள் உலவுகின்றன. மடுல்சீமை பஸ்ஸில் ஏறினால், யுத்தகாலத்தில் விமானத் தளத்தைக் காப்பாற்றியதற்காக ரமேஸுக்கு வீரப் பதக்கம் கிடைத்ததாம், மனிதர் அதை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாராம். லுணுகலை பஸ்ஸில் ஏறினால், அதே ரமேஸ் தளத்தைத் தாக்க வந்தவர்களுக்கு வழிகாட்டிப் பிடிபட்டவராம். எதற்கும் விசாரித்துப் பார்ப்போம் என்று போனேன்.

ரமேஸ் பசறைக் கடைத்தெருவில், ஜாபிர் நானாவின் துணிக்கடையை ஒட்டி உடுப்பு அயன் பண்ணுகிறவர். குடியிருப்பு மடுல்சீமைத் தோட்டத்து லயத்து வீட்டில். இத்தனை வருடமும் வதந்தியை அவர் சட்டை செய்ததில்லை. இப்போது செய்தாக வேண்டும். மகள் தயானியைப் பெண் கேட்டு வந்திருப்பவர்கள் லுணுகலைக்காரர்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் அழகர், கங்காணி. தொழிலாளர் வரிசையில் கூடும் காலைப் பெரட்டில் ஆள் கணக்குப் பார்த்துப் பழகியவர்.

"பொண்ணப் பத்தி ஒரு கொறையும் இல்லீங்க. ஒங்கள எதுக்கு அடைச்சு வச்சாங்கன்னு மட்டும் தெரியணும். தெரியாம தட்டு மாத்த முடியாது."

ரமேஸ் சொன்னது இது. அப்போது அவர் வடக்கே ஒரு விமானத் தளத்தில் சலவைக்காரர். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று எல்லா அதிகாரிகளின் சீருடையும் கஞ்சியில் கிடந்தது. விடிகாலையில் ஓர் அதிகாரி குளித்துவிட்டு, துவாயோடு, தன் காற்சட்டையைத் தேடிச் சலவைக் கொட்டகைக்கு வந்தார். அது சொட்டச் சொட்ட ஈரம். அந்த நேரம் பார்த்து வேலிப்பக்கம் வெடிச்சத்தம். துவாயோடு எப்படி ஓடுவது? ரமேஸ் தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கொடுத்தார். அதிகாரி அதை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, விமானங்கள் நின்ற பக்கம் யாரையும் நெருங்கவிடவில்லை. காலில் குண்டடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வீரப் பதக்கம் கிடைத்தது அவருக்குத்தான்.

பிறகு தேடுதலுக்கு வந்த சிப்பாய்கள் கண்டது, கொட்டகைக்குப் பின்னால் இடுப்பில் துணியில்லாமல் பதுங்கி நின்ற ஒரு தமிழனை. அதற்குமேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? அதிகாரி குணமாகி வந்து "எனக்குத் தெரிந்த ஆள், விடுங்கள்" என்று சொல்லும்வரை ரமேஸ் உள்ளே இருந்தார். சாரத்தைப் பற்றி அதிகாரி மூச்சுவிடவில்லை.

"பதக்கம் வாங்குன மனுசன் சாரத்துலயா சண்ட புடிச்சாரு?" என்றார் அழகர்.

"எங்கிட்டயே வெக்கப்பட்டு ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாரு, சம்பந்தி," என்றார் ரமேஸின் மனைவி விஜயலெட்சுமி.

"இன்னும் சம்பந்தி ஆகலீங்க."

ஓய்வுபெற்ற அந்த அதிகாரி பண்டாரவளையில் இருக்கிறார். ரமேஸ், அழகர், நான் மூவரும் வேன் பிடித்துப் போனோம். வரவேற்பறைச் சுவரில் பதக்கம், பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் பாராட்டுரை. "சீருடை அணியும் நேரத்தைக்கூட வீணாக்காமல்" எதிரியைத் தடுத்தாராம். பொய்யென்று சொல்ல முடியாது.

ரமேஸ் சிங்களத்தில் தொடங்கினார். அழகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பேசாதீங்க. நானே கேக்குறேன்." தோட்டத்துச் சிங்களத்தில் நேரடியாகக் கேட்டார்: "சேர், அன்னிக்கு இடுப்புல என்ன கட்டியிருந்தீங்க?"

அதிகாரி பதக்கத்தைப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு நின்ற மனைவியைப் பார்த்தார். ரமேஸோ ஜன்னல் திரையின் மடிப்புச் சரியில்லை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சைக் கோடு போட்ட சாரம். இவருடையது."

முதலில் சிரித்தது அவர் மனைவி. "இத்தனை வருசமும் காற்சட்டை என்றுதானே சொன்னீங்க!"

அதிகாரி சிரிக்கவில்லை. "அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இவரை அன்றைக்கே விட்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது."

அழகர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்தார். "வாங்க சம்பந்தி, போவோம்."

கல்யாணம் தை மாதம். லுணுகலை பஸ்ஸில் இப்போது மூன்றாவது வதந்தி ஓடுகிறது: பதக்கம் கிடைத்ததே சாரத்துக்குத்தானாம்.

அன்று எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்த அதிகாரி, அந்தச் சாரத்தை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள், புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"நம்ம கடையில சாரத்துக்கா பஞ்சம்? ஒண்ணு எடுத்துக்க ரமேஸ்," என்கிறார் ஜாபிர் நானா.

"ஒங்க சாரம் எனக்கெதுக்கு நானா? அவருல்ல தரணும்."

பண்டாரவளைப் பார்சல் வரக்கூடிய பதுளை பஸ் வந்து நின்றால் ரமேஸ் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். பார்சல் எதுவும் இன்னும் வரவில்லை.