யாருங்க என்று கேட்ட சர்வர்

மாசாணியம்மாளுக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல வராது. கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மெயில் சர்வரைக் கவனிக்கும் வேலைக்கு வந்த பிறகும் அப்படித்தான். பெருந்துறைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியின் ஆசிரியர் கதிர்வேல் வந்து, "ஏனுங்க அம்மணி, எங்க பசங்க மெயிலும் உங்க சர்வர் வழியாப் போகலாமுங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க, தாராளமா அனுப்புங்க."

அடுத்து மேட்டுப்பாளையம் கல்லூரிக்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திறந்துவிடுவானேன் என்று கதவை மொத்தமாகவே திறந்து போட்டாள் புண்ணியவதி. யார் எதைக் கொடுத்தாலும் சர்வர் வாங்கி அனுப்பியது.

1998-ல் அந்தக் கதவு எவனோ ஒரு விளம்பரக்காரன் கண்ணில் பட்டது. உடம்பு இளைக்க மாத்திரை, ஒரே மாதத்தில் லட்சாதிபதி என்று பல்கலைக்கழகத்தின் சர்வர் வழியாக உலகம் முழுக்கக் குப்பை பறந்தது. கடுப்பான வெளிநாட்டு மெயில் கம்பெனிகள், இங்கிருந்து எது வந்தாலும் வாங்கமாட்டோம் என்று தடை போட்டுவிட்டன.

"வெளிக் கல்லூரிக எல்லாத்தையும் நிறுத்திப்போடுங்க," என்றார் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் தலைவர் ஆரோக்கியதாஸ்.

வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் பெருந்துறைப் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது.  மாசாணி சொல்லிவிட்டாள்: "முடியாதுங்க சார். தப்பு என்னுதுங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. தடை போகலைன்னா நானே நிறுத்திப்போடறனுங்க."

முதல் 'முடியாது'. அதற்கும் 'ங்க' போட்டுத்தான் வந்தது.

கல்லூரி கல்லூரியாகப் போன் போட்டு, அவர்களுடைய கணினிகளை மட்டும் அனுமதித்து, மற்றவர்களுக்குக் கதவை அடைத்தாள். வெறுமனே அடைக்க மனசு வரவில்லை. தெரியாதவர் வந்தால் சர்வர் சொல்லவேண்டிய பதிலை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாள்: 'நீங்க யாருங்க? மன்னிச்சுக்குங்க.' மெயில்தான் போகாதே, கம்பெனிகளுக்கு விவரத்தை ஃபேக்ஸில் அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை, தடை போட்டவர்களில் பெரிய அமெரிக்கக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வெளியாள் போல மெயில் கொடுத்துச் சோதித்துப் பார்த்தோம், தடையை எடுத்துவிட்டோம், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: உங்கள் சர்வர் எங்களிடம் சொன்ன 'யாருங்க' என்றால் என்ன?

ஆரோக்கியதாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "பதில் போடுங்க அம்மணி."

மாசாணி போன் எடுத்துப் பெருந்துறைக்கு அடித்தாள். "கதிர்வேல் சார், அமெரிக்காக்காரங்க ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறாங்க. உங்க காலேஜ்ல இருந்தே மெயில் எழுதி உடுங்க. இப்பப் போகுமுங்க."

மெயில் போனது. தடைபட்டுத் திரும்பி வரவில்லை.