கனடாக்காரரின் நாலு படங்கள்

கனடாக்காரரின் படங்கள் எனக்கு வேலையாகத்தான் வந்தன. ஓடிடி கம்பெனிகளுக்கு சப்டைட்டில் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தமிழ் எழுதிக் கொடுக்கிறேன். சமையல் போட்டி, கொலை வழக்கு, கொரியக் காதல் என்று எது வந்தாலும் விதி ஒன்றுதான். திரையின் அடியில் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். பார்ப்பவர் படித்து முடிக்கும் முன் வரி மறைந்துவிடக் கூடாது. நம் சொற்களோ நீளமானவை. இங்கிலீஷில் ஒருவன் ஒரு மூச்சில் சொல்வதைத் தமிழில் வெட்டி வெட்டிச் சுருக்கியே எனக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது.

அந்தக் கனடா இயக்குநர் பெரிய ஆள் என்று நிறுவனத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெண் போனில் சொன்னாள். உலகத் திரைப்பட விழாக்களில் பரிசு வாங்கியவர், இப்போது வயதாகிவிட்டது, அவருடைய படங்கள் மொத்தத்தையும் வாங்கியிருக்கிறார்களாம். "எல்லாமே ஸ்லோ மூவி மேம். டயலாக் கம்மி. உங்களுக்கு ஈஸி," என்றாள். வசனம் குறைந்தால் வேலை சுலபம் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்கள் நினைப்பார்கள். குறைவாகப் பேசுகிறவனின் சொல் ஒன்று தப்பினால் அதை மறைக்க இடமே இருக்காது.

அந்தச் சமயத்தில் என் கணவருக்கு வேலை போயிருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பல வருஷம் இருந்தவர். பிரேசர் டவுனிலிருந்து ஊரின் மறுகோடிக்குப் போய்வருவதிலேயே பாதி ஆயுள் தீர்ந்தது என்பார். கம்பெனி கேப் வருவது நின்ற பிறகும் அதே நேரத்துக்கு எழுந்தார், ஷேவ் செய்தார், சட்டையை இன் செய்துகொண்டார். பிறகு போவதற்கு இடமில்லாமல் அடுக்களைக்குள் போனார். கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் மாடிப்படியில் பார்த்தால், "க்யா சாப், இன்னிக்கும் வர்க் ஃபிரம் ஹோமா?" என்பார். இவர் தலையை ஆட்டிவிட்டு மேலே வந்துவிடுவார். கொஞ்ச நாளில் குப்பை போடக்கூட நான்தான் இறங்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டும். காபி வேணுமா, கேஸ் புக் பண்ணியாச்சா, தண்ணி லாரி வந்துச்சா, இவ்வளவுதான் பேச்சு. கம்பெனியில் என்ன நடந்தது, எப்படிச் சொன்னார்கள் என்று முதல் வாரம் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ உன் வேலையைப் பாரு," என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஹாலில் இருக்கும் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். ஹெட்போன் காதை அழுத்துகிறது என்று மதியத்தில் ஸ்பீக்கரில் வைத்துவிடுவேன். முதலில் வந்த படத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் ஏரிக்கரையில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்கப் போகிறார்கள். தங்கை ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். அண்ணன் ஏதோ ஒரு சொல் சொல்கிறான். அதற்குத் தமிழ் பிடிபடாமல் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"'எடுத்துக்கோ'ன்னு போடாத. 'எடுத்துட்டுப் போயேன்'னு போடு."

திரும்பினேன். கையில் ஈரத் தட்டோடு கதவருகே நின்றிருந்தார்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"எடுத்துக்கோன்னா குடுக்கறான். எடுத்துட்டுப் போயேன்னா கெஞ்சறான். அவன் மூஞ்சியைப் பாரு."

பார்த்தேன். கெஞ்சத்தான் செய்தான். மாற்றி அடித்தேன்.

அடுத்த படம் பனிப்புயலில் ஒரு சின்ன ஊர் ஓட்டலில் மாட்டிக்கொண்ட கல்யாணக் கூட்டத்தைப் பற்றியது. அதற்கு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஓட்டலில் உருளைக்கிழங்கைத் தவிர எல்லாம் தீர்ந்துபோகிறது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, முழு வாழ்த்துரையையும் உருளைக்கிழங்கை வைத்தே பேசி முடிக்கிறார். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டதுபோல் இருந்தது. சொன்னால் நின்றுவிடும் என்று பயந்து, "கிழங்குக்கு இடம் பத்தலைங்க, என்ன பண்ண?" என்று கேட்டுவைத்தேன்.

"உருளைன்னு மட்டும் போடு. நம்ம ஊர்ல யாருக்குப் புரியாது?"

வேலை பாதி முடிந்திருந்தபோது நிறுவனத்துப் பெண் மறுபடி போனில் கூப்பிட்டாள்.

"ஸாரி மேம். தமிழுக்கு பட்ஜெட் கட் பண்ணிட்டாங்க. நாலு படம் மட்டும் போதுமாம். பெஸ்ட் எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. இங்க யாரும் எதையும் பார்க்கல."

"நீ ஒண்ணுகூடப் பார்க்கலையா?"

"டைம் எல்லி மேம்?" என்றாள் கன்னடத்தில். நேரம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்ட குரலில் என்னைவிட அதிகச் சோர்வு இருந்தது.

சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். ஏரிக்கரை வீடு, கல்யாண ஓட்டல், கணவன் செத்தபிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் கிழவியின் கதை. இந்த மூன்றிலும் எங்களுக்குள் மறுபேச்சே இல்லை. நாலாவதாக நான் காகித ஆலைப் படத்தைச் சொன்னேன். அதுதான் கனடாக்காரரின் ஆகச் சிறந்த படம் என்று விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். ஆலையை மூடியதால் வேலை போன ஒருவன். மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போகிறாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து உறைந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்தப் படத்தை மட்டும் நான் ஹெட்போன் போட்டு, அவர் குளிக்கப் போகும்போதும் தூங்கும்போதும் பார்த்திருந்தேன்.

"அது வேணாம்," என்றார்.

"உங்களுக்கு எப்படி அது…"

"நீ சர்ச்சுக்குப் போனப்ப முழுசாப் பார்த்தேன். பொய்யா எடுத்திருக்கான்."

"எல்லாரும் அதைத்தாங்க பெரிசாச் சொல்றாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? வேலை போனவன் ஜன்னல்கிட்ட உக்காந்து ஆத்தைப் பார்ப்பானா? உக்கார முடியாதும்மா. பாத்திரம் கழுவுவான். கழுவினதையே இன்னொரு தடவை கழுவுவான். பொண்டாட்டி எழுந்து வந்தா கையில ஏதாவது வேலை இருக்கணுமே."

தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ஸ்கிரீன்ல ஒரு பொண்ணு. என் பேரையே தப்பாச் சொன்னா. நான் திருத்தக்கூட இல்ல. சீட்டுக்குத் திரும்பி வந்தா லேப்டாப் லாக் ஆயிருக்கு. அப்படியே கீழ இறங்கிட்டேன். செக்யூரிட்டி பின்னாடியே ஓடி வந்து, சார் சாப்பாடு மறந்துட்டீங்கன்னு டப்பாவைக் குடுத்தான். பஸ் ஏறினேன். நம்ம ஸ்டாப் வந்துச்சு. இறங்கத் தோணல. கடைசி ஸ்டாப்புல கண்டக்டர் 'இளீரி சார்', இறங்குங்கன்னான். அங்கயே ஒரு பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம். பசியே இல்ல. ஆனா டப்பாவை மீதி வெச்சுட்டு வந்தா நீ ஏன்னு கேப்பே."

அன்றைக்கு அவர் கொண்டுவந்த காலி டப்பாவை நான்தான் கழுவியிருப்பேன். எனக்கு எதுவும் நினைவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

"அந்தப் படத்தை விட்டுடறேங்க," என்றேன்.

காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னார்: "நாலாவதா அதையே போட்டுக்கோ. அந்தப் பொண்டாட்டி நல்லா பண்ணியிருக்கா. ஆனா நீ எழுதினது சரியில்ல."

மனைவி விசாரிக்கும்போதெல்லாம் அந்தப் படத்தில் அவன் ஒரே பதிலைச் சொல்வான். அதற்கு நான் 'நல்லா இருக்கேன்' என்று எழுதியிருந்தேன்.

"எந்த ஆம்பளைம்மா அப்படிச் சொல்வான்? 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு போடு."

அடித்துப் பார்த்தேன். வரிக்குள் சரியாக அடங்கியது. அதை வாசிக்க வாசிக்க, என்னிடம் எதுவும் இல்லை என்பதும் அதற்குள் கேட்டது. அவரும் அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தப் படம் முழுவதையும் இருவரும் சேர்ந்தே முடித்தோம். நடுநடுவே நிறுத்தி அவர் பேசுவார், பிறகு மறுபடி ஓடவிடுவோம். சில நாள் படத்தைவிடப் பேச்சு அதிகமாகிவிடும்.

அது முடிந்த வாரம் அவரே குப்பைக் கவரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "வேலை போயிடுச்சு பாய். தேடிட்டிருக்கேன்," என்றார். "போல்னா நை க்யா சாப்? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் ஓனர். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் தன் மச்சானிடம் அவர்தான் பேசினார்.

இப்போது என் கணவர் அங்கே போய்வருகிறார். பழைய வேலையைவிடச் சின்னது, பழைய வேலையைவிடத் தூரம். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், பழைய கம்பெனியின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். "கண்ணை மூடிட்டுத் தூங்கிடுவேன்," என்கிறார். களைத்து வருகிறார். ஆனால் வந்ததும் அங்கே நடந்ததை ஏதாவது ஒன்று சொல்கிறார்.

நாலு படங்களும் சத்தமில்லாமல் வெளியாயின. யார் பார்த்தார்கள் என்று தெரியாது. போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, காகித ஆலைப் படத்தை டிவியில் போட்டோம். தொடக்கத்தில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அசைந்தால் எழுந்துகொள்வார் என்று ரிமோட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் அந்தப் படத்தோடு இருந்தும் என் கண் திரையின் அடியிலேயே கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரித் துணிகளை மடித்துக்கொண்டே அந்த மனைவி ஒருமுறை வெறுமனே நிமிர்ந்து பார்க்கிறாள். பேச்சு இல்லாததால் அங்கே நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. என்ன களைப்பு அந்த முகத்தில். தோள் மரத்துப்போனது. படம் முடியும்வரை நான் அசையவில்லை.