ஆண்டவர்மேல் ஒரு பொறாமை

ஆரணி சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க வேண்டியவர் வராவிட்டால் ஆயர் தேடுவது ஜெயக்குமாரைத்தான். கணீரென்ற குரல், எவ்வளவு நீளமான பெயர் வந்தாலும் திணறாது. தாத்தா காலத்திலிருந்து அதே சபை. பிழைப்புக்கு ஜக்கார்டு மெக்கானிக். தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சேலையில் பூவும் மயிலும் விழவைக்கிற அந்த இயந்திரம் எங்கே மக்கர் பண்ணினாலும், போளூரோ சந்தவாசலோ, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அவன் மனைவி தேவிப்ரியா சேவூர்க்காரி. நெசவுக் குடும்பம். அவர்கள் வீட்டுத் தறியைப் பார்க்கப் போன இடத்தில்தான் பழக்கம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் எடுத்தாள். அவனுக்காக எடுத்தாள்; அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அவள் அப்பா வீரபாகு வெகு காலம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆராதனையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். ‘ஆண்டவரே’ என்று சொல்ல வாய் வராது. ‘சாமி’ என்பாள். ஜெயக்குமார் திருத்துவான். “நான் கூட்டியாந்த ஆத்துமா” என்று சிநேகிதர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். சிரிப்பு பாதி, பெருமை பாதி.

இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. மகள் லாவண்யா வேலூரில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் இரண்டே பேர், தேவிப்ரியா நெய்கிற ஒரு தறி.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் வழக்கத்துக்கு முன்பே அவனுக்கு விழிப்பு வந்தது. சமையலறையில் தேவிப்ரியா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரல். நடுவில் ஒரு சிரிப்பு. இந்த நேரத்தில் யாருக்குப் போன் போட்டிருக்கிறாள்? அந்தச் சிரிப்பை அவன் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. தலையைத் திருப்பினான். அவளுடைய போன் அவன் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

எழுந்துபோய் கதவோரம் நின்றான். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. அவள் தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து மணிமேகலைகிட்ட வாய்க்கு வந்தபடி கத்திட்டேன் சாமி. தப்பு எம்மேலயும் இருக்குது. ஆனா மொத்தமும் எம்மேல இல்ல. நீதான் பாத்துகினு இருந்தியே.”

மறுபடி அந்தச் சிரிப்பு. மணிமேகலை பக்கத்து வீட்டுக்காரி.

ஜெபம்தான் பண்ணுகிறாள் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய்ப் படுத்தான். நெஞ்சுக்குள் என்னவோ முறுக்கிக்கொண்டே இருந்தது. அவன் ஜெபம் பண்ணினால் சபையில் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அவன் ஆண்டவரிடம் ஒருநாளும் சிரித்ததில்லை. நேற்று நடந்ததைச் சொன்னதுமில்லை.

அதன்பிறகு தினமும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவள் ஜெபத்தில் தன் பேர் வருகிறதா என்று கவனித்தான். லாவண்யா பேர் வந்தது. மணிமேகலையின் புருஷன் தங்கவேலுவின் குடி வந்தது. தறியில் அறுந்துகொண்டே இருக்கிற பாவு இழைகூட வந்தது. அவன் பேர் ஒரே ஒரு தடவை வந்தது: “அவருக்கு முட்டி வலி சாமி, கொஞ்சம் பாத்துக்கோ.” அவ்வளவுதான்.

படுக்கையில் கிடந்தபடியே ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அவள் இதே குரலில்தான் அவனிடம் பேசுவாள். பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள், எந்தச் சேலையை முதலாளி குறை சொன்னார், எல்லாம். அவன் போனைப் பார்த்தபடி “ம்” போடுவான். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று யோசித்தான். தெரியவில்லை.

ஒருநாள் மணிமேகலை வாசலில் அவனை நிறுத்தினாள். “எங்க வீட்டுக்காரருக்காக அக்கா தினம் ஜெபம் பண்றாங்கண்ணா. அவங்க அப்பா பக்கவாதத்துல கெடந்தாரே, அப்போ சேவூர் பஸ்ல போவச்சே அழுகை தாங்காம வாய்விட்டுப் பேச ஆரம்பிச்சாங்களாம். யாரோ பக்கத்து சீட்ல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சாம். உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னா, சொன்னா” என்றான் ஜெயக்குமார்.

மறுநாள் காலையில் பேச்சுச் சத்தம் கேட்டதுமே குரல் கொடுத்தான். “பிரியா, காபி!” பேச்சு பாதியில் நின்றது, காபி வந்தது. அதற்கு மறுநாளும் கூப்பிட்டான். கொஞ்ச நாளில் பேச்சைத் தறிக்கு மாற்றிக்கொண்டாள். நூலோடு நாடா இப்படியும் அப்படியும் ஓடும் சத்தத்தில் அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. இப்போது அவனுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது அவனை இன்னும் தின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஆயர் சின்னதுரை ஆராதனை முடிந்து அவனைக் கூப்பிட்டார்.

“பெண்கள் ஞாயிறு வருதுங்க ஜெயக்குமார். ஆண்டவர் தனக்குச் செஞ்சதை உங்க வீட்டம்மா எழுந்து சாட்சியா சொல்லட்டுமே. பெண்கள் ஐக்கியத்துல அவங்க ஜெபம் பண்ணா மனசு லேசாவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அவளுக்கு மேடையில பேச வராதுங்க ஐயா” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நான் ஏற்கெனவே கேட்டுப் பாத்தேன். வேணாம்னுட்டா.”

அந்தப் பொய் வாயிலிருந்து வெகு சுலபமாக வந்தது. வீடு வரும்வரை அதை நினைத்து ஆச்சரியப்பட்டான், வருத்தப்படவில்லை.

புதன்கிழமை பெண்கள் ஐக்கியத்திலிருந்து திரும்பிய தேவிப்ரியா கைப்பையைக்கூட இறக்கவில்லை.

“நான் எப்போங்க வேணாம்னு சொன்னேன்? ஆயரம்மா வருத்தமா கேக்கறாங்க.”

“உனக்குக் கூச்சம்தானே.”

“எங்கிட்ட கேட்டிருந்தா நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க ஏன் சொன்னீங்க?”

அவன் குரல் உயர்ந்தது. “அங்க போய் இன்னா சொல்லப்போற? பஸ்ல நடந்ததை ஊருக்கே சொல்லுவ. கட்டினவனுக்கு மட்டும் சொல்ல மாட்ட. அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

தேவிப்ரியா கைப்பையை ஆணியில் மாட்டினாள். “அன்னிக்கு ராத்திரி சோறு போடச்சே சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க ‘அப்புறம் சொல்லு’ன்னீங்க. அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல.”

கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் கோபம் லேசில் அடங்காது. அடுத்த சில நாட்கள் வீட்டில் சோறும் குழம்பும் இருந்தன, பேச்சு இல்லை. காலையில் அவன் விழித்துக்கொண்டு காத்திருந்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. தறியிலும் அவள் உதடு அசையவில்லை. அவள் ஜெபம் நின்றுபோயிருந்தது.

அவன் ஆசைப்பட்டது இதற்குத்தான். தான் கைவைத்தது எதில் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் சந்தவாசலில் ஒரு தறி வேலை. முடித்துவிட்டுத் திரும்பும்போது நெல்வயல் ஓரமாகப் பைக்கை நிறுத்தினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணை மூடினான். “கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே” என்று ஆரம்பித்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் குரலே அவனுக்குத் திரும்பிக் கேட்டது. பாடம் வாசிக்கிற அதே குரல். ஒரு சபைக்கு முன்னால் நிற்கிற குரல். நிறுத்தினான். வேறு வார்த்தை தேடினான். சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் அந்த மாதிரியே இருந்தன.

கடைசியில் சொன்னான்: “எனக்குப் பொறாமையா இருக்குது.”

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“உம்மேலதான். அவ உங்கிட்ட பேசறா, எங்கிட்ட பேசறதில்ல. அவமேலயும்தான். அவளுக்கு நீ பக்கத்துல வந்து உக்காந்த. நான் பொறந்ததுலேருந்து கோயிலுக்கு வர்றேன், எங்கிட்ட வந்தியா? நான்தானே அவளைக் கூட்டியாந்தேன்!”

கடைசி வரியைச் சொன்னதும் வெட்கமாகப் போயிற்று. ஆனால் அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. மறைத்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்பதே ஒரு மாதிரி இளைப்பாறலாக இருந்தது. ஆயரிடம் சொன்ன பொய்யையும், காபி கேட்டு அவள் ஜெபத்தைக் கலைத்ததையும் சொன்னான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

நேராக ஆயர் வீட்டுக்குப் போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டான். அவர் கேட்டுவிட்டு, “வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார்.

“இல்லீங்க ஐயா.”

“அப்போ இங்க இன்னா பண்றீங்க? ஜல்தியா போங்க.”

தேவிப்ரியா தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், வயல் ஓரத்தில் சொன்ன வரிசையிலேயே. அவள் கை நின்றது.

“சாமிமேலயா பொறாமைப்பட்டீங்க?”

“ம்.” உடனே திருத்திக்கொண்டான். “ஆமா. அவர்மேலதான்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. “நீங்க கோயில்ல பாடம் படிக்கச்சே எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? சபையே கேக்குது இந்தக் குரலை, வீட்ல எனக்கு ஒரு வரி கெடைக்கலியேன்னு எரியும்” என்றாள். மறுபடி இழையை எடுத்துக்கொண்டு, “இத்தனை நாளா ஜெபத்துக்கு வாயைத் தொறந்தா உங்களைப் பத்தின புகார்தான் வருது. அதான் தொறக்கல.”

“புகாரைச் சொல்லேன். நானும்தான் அங்க உன்னைப் பத்திச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

இதற்குத்தான் சிரித்தாள். உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. அன்று சாப்பிடும்போது, அந்த பஸ் பயணத்தைச் சொல்லு என்று கேட்டான். “இன்னிக்கு வேணாங்க” என்றாள். சில நாள் கழித்துத் தானாகச் சொன்னாள். அவன் இடையில் இரண்டு கேள்வி கேட்டான்.

பெண்கள் ஞாயிறன்று, ஆயரம்மா வற்புறுத்தியதால், தேவிப்ரியா பேசினாள். கொஞ்ச நேரம்தான். ‘சாமி’ என்றே சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள், பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். ஜெயக்குமாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளைக் கூட்டிவந்தவன் யார் என்றும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வயதான ஒரு அம்மாள் அவனிடம் வந்து, “உன் சம்சாரம் ஜெபிக்கிற மாதிரி நீயும் கத்துக்கப்பா” என்றாள். நெஞ்சுக்குள் பழைய முறுக்கல் மறுபடி வந்தது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போனான். “இன்னும் இருக்குது” என்றான், சத்தமில்லாமல். “பாத்துக்கோ.” கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தான். தேவிப்ரியாவின் இரண்டு கையையும் யார் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.