இரண்டாம் நாள், கணவாய்க்குக் கீழே

மரியதாஸ் அண்ணை பாதையோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அது முதல் தடவை அல்ல. காலையில் கூடாரத்துக்குப் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் ஒருமுறை எடுத்திருக்கிறார். அவருடைய மனைவி புளோரன்ஸ் அக்கா அதை அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

நாங்கள் பெரு நாட்டில், மச்சுப் பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் நின்றோம். நான்கு நாள் நடை. அன்று இரண்டாம் நாள், பாதையிலேயே உயரமான கணவாயைக் கடக்க வேண்டிய நாள். கணவாய் தலைக்கு மேலே தெரிந்தது. ஆனால் இன்னும் நிறைய ஏற்றம் இருந்தது.

குழுவுக்கு நான் லீடர்.

லீடர் என்றால்

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் பலரும் லீடர் என்றால் மலை ஏறத் தெரிந்தவர் என்று நினைக்கிறார்கள். எனக்கு மலை தெரியாது. மலை அந்த ஊர் வழிகாட்டியுடையது. அவர் நில் என்றால் நிற்க வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும். லீடருடைய வேலை ஆட்களோடு. யார் சாப்பிடவில்லை, யாருக்குச் சப்பாத்து கடிக்கிறது, யார் கூடாரத் தோழியோடு கோபம் என்பதைப் பார்த்துக்கொண்டு, மொன்றியல் விமான நிலையத்தில் ஏற்றியவர்களை அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டும்.

எங்கள் பயண நிறுவனத்தின் அலுவலகம் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஷேர்புரூக் வீதியில், தெப்பனர் என்கிற சின்ன மூலைக்கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி லுக். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் மலைநடைப் பயணங்களுக்கு நல்ல கிராக்கி. நான் அதற்கு முன் ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்தவள். கூட வேலை செய்தவர்களிடமிருந்து ஸ்பானிஷ் பிடித்துக்கொண்டேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஏற்கெனவே இருந்தன. அதனால்தான் லுக் என்னை எடுத்தார்.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற கியூபெக் ஆசிரியர்கள், தாதிகள். எங்கள் தமிழ் ஆட்களுக்கு லீவு கிடைத்தால் ரொறன்ரோவில் ஒரு கலியாணம், இல்லாவிட்டால் லூர்து மாதா கோவில். மலையில் கூடாரம் அடித்துப் படுப்பதற்குக் காசு கொடுக்க யாரும் வரவில்லை. மரியதாஸ் அண்ணை வரும்வரை.

இருவரும் வந்த நாள்

அவர் லாசாலில் உலோகப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். அக்கா ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். எங்கள் பங்குக் கோவிலில் இருவரையும் கண்டிருக்கிறேன், பேசிப் பழகியதில்லை. அண்ணை மச்சுப் பிச்சுவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். கல் சுவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். சாந்து இல்லாமல் கல்லோடு கல் எப்படி அவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது, அதை வெட்டிய கருவி என்ன, என்று.

அக்காவின் முழங்கால், இரத்த அழுத்தம் பற்றி நான் கேட்க, பதிலை அண்ணை சொன்னார்.

"அவவுக்கு ஒரு வருத்தமுமில்லை, தங்கச்சி. நடந்து பழக்கம்தான் இல்லை. அதை நான் பழக்கிப்போடுவன்."

"அக்கா, உங்களுக்கு விருப்பமோ?"

"இவர் போறார். நானும் போறன்" என்றார் அக்கா.

அந்தப் பாதையில் நடப்பதற்கான பெர்மிட்டுக்குப் பெயர்களை மாதக்கணக்கில் முன்னாலேயே கொடுக்க வேண்டும். கொடுத்தேன். மொன்றியல் நடுவில் இருக்கும் மோன் ரோயல் மலையின் படிகளில் கிழமைக்கு மூன்று நாளாவது ஏறி இறங்குங்கள் என்றேன். உயிர்த்த ஞாயிறு வருவதற்குள் பங்கு முழுவதும் கதை பரவிவிட்டது. இன்னும் சில குடும்பங்கள் அடுத்த வருடம் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். லுக்குக்கு மகிழ்ச்சி. ஒரு முழுத் தமிழ்க் குழு போடலாம், அதற்கு நீயே பொறுப்பு என்றார்.

முதல் நாள்

குஸ்கோ நகரத்தில் உயரத்துக்குப் பழகத் தங்கிவிட்டுத்தான் நடையைத் தொடங்கினோம். அண்ணை முன்னால் போனார். நின்று படம் எடுப்பார், பிறகு எட்டி நடந்து மற்றவர்களைப் பிடிப்பார். வழிகாட்டி வில்பர் அப்படி நடக்க வேண்டாம் என்று இருமுறை சொன்னான். வில்பருக்கு முப்பது வயது இருக்கும், அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெடியன். அண்ணை தலையாட்டிவிட்டு அப்படியே நடந்தார்.

அக்கா பின்னால் என்னோடு வந்தார். இந்தப் பயணத்தில் எனக்குச் சிரமம் வந்தால் அது அக்காவால்தான் வரும் என்று நினைத்திருந்தேன். சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார். ஆனால் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

"அண்ணை நல்லாத்தான் பழக்கியிருக்கிறார்" என்றேன்.

"முதல் மூண்டு கிழமையும் வந்தவர். பேந்து ஓவர்டைம் எண்டு நிண்டிட்டார். நான் வேலை முடிய அப்பிடியே பஸ் எடுத்து மலைக்குப் போயிடுவன்."

"தனியவோ?"

"ஓம். ஸ்னோவுக்கையும் போனனான். சப்பாத்துக்கு அடியிலை கொழுவுற முள்ளு விக்கிறாங்கள், அதை வாங்கிக் கொழுவினனான்."

"வீட்டிலை தேடேல்லையோ?"

"கடைக்குப் போட்டா எண்டு நினைச்சிருப்பினம்."

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார்: "அந்த நேரத்திலை என்னை ஒருத்தரும் கூப்பிடாயினம், தங்கச்சி. முதல் அது ஒரு மாதிரி இருந்தது. பேந்து அதுக்காகத்தான் போனனான்."

பாதையோரக் கல்

வில்பர் அண்ணையின் விரலில் ஒக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தான். முகம் மாறவில்லை. சிலிண்டரைத் திறந்து முகமூடியை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தான். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான்: இது உயரத்தால் வருகிற வருத்தம், இறங்கினால் பின்னேரத்துக்குள் தெளிந்துவிடும், ஏறினால் இரவில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

"எனக்கு ஒண்டுமில்லை. தலையிடிதான். ஒரு குளிசை தாங்கோ, ஏறுவன்" என்றார் அண்ணை.

"ஏலாது அண்ணை. இறங்கத்தான் வேணும்."

அவர் எழுந்து காட்டப் பார்த்தார். கால் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி கல்லில் உட்கார்ந்து, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றார். உதவி வழிகாட்டியும் சுமை தூக்குகிறவர் ஒருவரும் அவரோடு இறங்குவதென்று முடிவானது. கீழே ஊரில் டாக்டர் இருந்தார். நான்காம் நாள் ரயிலிலும் பஸ்ஸிலுமாக மச்சுப் பிச்சுவுக்கு வந்து அவர் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

"இஞ்சேரும், உம்மடை பையை எடும்" என்றார் அண்ணை.

அக்கா பையை எடுக்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"நான் கூடப் போனால் இவருக்கு ஏதும் உதவியோ எண்டு அந்தப் பெடியனைக் கேளுங்கோ."

கேட்டேன். வில்பர் கொஞ்சம் யோசித்தே பதில் சொன்னான்.

"துணையா இருப்பியளாம். மற்றதெல்லாம் அவையள் பாப்பினமாம்."

"உயிருக்கு ஆபத்து இல்லையெண்டு அவன் நிச்சயமாச் சொல்லுறானோ?"

"இறங்கினால் இல்லையாம்."

அக்கா குனிந்து அண்ணையின் ஜக்கெற் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டார்.

"அப்ப நான் போறன்."

அண்ணை எழுந்தார். அக்கா தன்னோடு இறங்கப்போகிறார் என்று நினைத்துவிட்டார்.

"மேலை" என்றார் அக்கா.

"என்ன கதை கதைக்கிறீர்?"

"நீங்கள் இறங்கினால் சுகமாயிடுவியள். எனக்கு ஒரு வருத்தமுமில்லை. நான் ஏன் இறங்கவேணும்?"

"நான் இல்லாமல் உமக்கு அங்கை என்ன வேலை?"

அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அண்ணை என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள்தானே லீடர். சொல்லுங்கோ இவவுக்கு. நீங்கள் சொன்னால் கேப்பா."

உண்மையில் நான் சொல்லியிருந்தால் அக்கா கேட்டிருப்பார். இருவரும் இறங்கினால் எனக்கும் ஒரு கவலை குறையும். மொன்றியலுக்குப் போய் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராது. ஆனால் நல்ல உடம்போடு நிற்கிற ஒருவரை இறக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

"அண்ணை, நீங்கள் இறங்கவேணும். அதைச் சொல்லுறது என்ரை வேலை. அக்கா ஏறுறதும் இறங்குறதும் அக்கான்ரை விருப்பம்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் உதவி வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வளைவில் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை.

"நடப்பம்" என்றார் அக்கா.

கணவாய்

ஏறும்போது அக்கா ஒரே ஒரு முறைதான் பேசினார். "அவர் செத்துப்போக மாட்டார்தானே?" வில்பர் சொன்னதையே நானும் சொன்னேன். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. குழுவில் முன்னால் ஏறிப்போயிருந்தவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து, தாம் வந்த வழியையே பார்த்தார். வில்பர் வானொலிக் கருவியில் கீழே கூப்பிட்டுப் பார்த்தான். இரைச்சல் மட்டும் வந்தது.

மறுபக்கம் இறங்கி முகாமுக்கு வந்தும் செய்தி இல்லை. சாப்பாட்டுக் கூடாரத்தில் அக்கா சூப்பைத் தொடவில்லை. வெளியே வந்து, "இப்ப திரும்பிப் போகேலுமோ?" என்று கேட்டார். திரும்புவதென்றால் அதே கணவாயை மறுபடி ஏற வேண்டும். அதைச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றுவிட்டு, கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து செபமாலை சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து செபத்துக்குப் பதில் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை, இரண்டாவது கணவாயில், கருவி பேசியது. வில்பர் கேட்டான், சிரித்தான், அதை அக்காவிடம் நீட்டினான். மறுமுனையில் உதவி வழிகாட்டி ஆங்கிலத்தில் கத்தினான். ஐயா நலம். டாக்டர் பார்த்துவிட்டார். காலையிலேயே சந்தையைச் சுற்றி வந்து, இந்த ஊர்ச் சாப்பாட்டில் உறைப்பே இல்லை என்று ஏசுகிறார்.

அக்கா கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். அன்று முழுவதும் நன்றாக நடந்தார். பழைய இன்காக் கட்டடங்களைக் கண்ட இடமெல்லாம் நின்று, சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

மச்சுப் பிச்சு

நான்காம் நாள், மச்சுப் பிச்சுவுக்கு மேலே இருக்கும் சூரிய வாசலுக்கு வந்தபோது கீழே முழுவதும் பனிப்புகார். இறங்க இறங்கக் கலைந்தது. முதலில் படிக்கட்டுத் தோட்டங்கள், பிறகு கூரையில்லாத வீடுகள். வைக்கோல் வேய்ந்த ஒரு குடிலுக்குக் கீழே அண்ணை உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் முதலே வந்துவிட்டார்.

"வந்திட்டீரோ" என்றார்.

"சாப்பிட்டியளோ?" என்றார் அக்கா.

"ம்."

அவ்வளவுதான். வில்பர் கல் சுவர்களைக் காட்டிக்கொண்டு போனபோது, அண்ணை அவனுக்கு அந்தப் பக்கமும் அக்கா இந்தப் பக்கமுமாக நடந்தார்கள். அண்ணை கேட்க ஆசைப்பட்ட கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை. மொன்றியலில் பெட்டிகளை எடுக்கும்வரை என்னோடும் பேசவில்லை.

திரும்பிய பிறகு

எங்களுக்கு முன்னால் கதை பங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புரோசார்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் பொருள் எடுத்துக்கொண்டு நின்றபோது, முன்பின் பழகாத ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "அந்த மனுசனைச் சாகக் கிடக்க விட்டிட்டு அவவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை நீர்தானோ?" அடுத்த வருடம் வருவதாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மகளின் பரீட்சை.

லுக் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இருவரையும் இறக்கியிருக்கலாமே. எங்களுக்கும் சுலபமாக இருந்திருக்கும்."

"சுகமில்லாதவரை இறக்கினேன். சுகமாக இருந்தவரை எதைச் சொல்லி இறக்குவது?"

அவர் கோபப்படவில்லை. "போன்" என்றார், பிரெஞ்சில் சரி என்று. தமிழ்க் குழு இல்லை என்பது அதன் அர்த்தம். அந்த வருட மிச்சத்தில் எனக்குப் பயணங்கள் குறைந்தன. அலுவலக மேசையில்தான் அதிகம் இருந்தேன்.

பங்குத் திருநாளன்று கோவில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. நான் போகாமல் விடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். அண்ணை இருந்த மேசைக்கு அடுத்த மேசையில் எனக்கு இடம் கிடைத்தது. அக்கா தூரத்தில், மண்டபத்தின் மறுகோடியில், சோறு பரிமாறிக்கொண்டு நின்றார். அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தவர் பகிடியாகத்தான் தொடங்கினார்.

"என்ன தாஸ், மனுசி உம்மை விட்டிட்டு மலை ஏறிட்டாவாம்?"

சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அண்ணை வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

"எனக்கு ஏலாமல் போச்சு. நான் இறங்கினன். அவவுக்கு ஏலும். அவ ஏறினா. இதிலை என்ன இருக்கு?"

"இல்லை, எண்டாலும்..."

"என்ன எண்டாலும்? நானும் அவவோடை ஒரு மாசம் கதைக்கேல்லைத்தான். பேந்து கேட்டன், நான் இறங்கின இடத்துக்கு மேலை என்ன இருந்ததெண்டு. கல்லு எப்பிடிப் பூட்டியிருக்கு, தண்ணி எந்த வழியாலை ஓடுது, எல்லாம் தொட்டுப் பாத்துக்கொண்டு வந்திருக்கிறா. ஒவ்வொரு நாளும் சொல்லுறா. இன்னும் சொல்லி முடியேல்லை."

பிறகு அவர் குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அது கேட்டிருக்காது.

நான் அதற்குப் பிறகும் பல வருடங்கள் குழுக்களைக் கொண்டுபோனேன். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கணவன் மனைவியாக வருகிறவர்களை முதலில் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவேன். ஒருவரோடு பேசும்போது மற்றவருக்குக் கோப்பி கொடுத்து வெளியே இருத்துவேன். லுக் முதலில் சிரித்தார், சிலர் பதியாமலே திரும்பிப் போனபோது முணுமுணுத்தார், கடைசியில் மற்ற லீடர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். உயரம் என்றாலே நடுங்குகிற மனைவிகளையும், மனைவிக்காக மட்டும் வருகிற கணவன்களையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். அதை ஷேர்புரூக் வீதியிலேயே, நாற்காலியில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மலையில் கேட்டால், பதில் சொல்கிறவருக்கு அது மிகவும் கஷ்டம்.