மிதவையின் நெற்றியில் மூன்று பட்டை

எங்கள் வீட்டில் யாருக்கும் கடல்மேல் காதல் கிடையாது. என் கணவருக்கு இருந்ததெல்லாம் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற செகண்ட் லிங்க் பாலத்தின்மேல் வெறுப்புதான். கெலாங் பாத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் விடிவதற்கு முன்பே கிளம்பி, சிங்கப்பூர் ஷிப்யார்டில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு அவருடையது. குடிநுழைவு வரிசையில் புகையைக் குடித்து, மழையில் ஊறி, பிள்ளைகள் வளர்ந்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்த மனிதர். முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டார். "செத்தாலும் இனிமே அந்தப் பாலத்துல ஏற மாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார்.

சேமிப்பை எடுத்து ஜலசந்தியில் கூப்பாங் வளர்க்க ஒரு தெப்பம் வாங்கினார். கூப்பாங் என்பது பச்சை ஓட்டுச் சிப்பி. தெப்பத்திலிருந்து கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு தானாக வளரும். தீனி போட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். மாமியார் மருமகளைக் கவனிக்கிற மாதிரி தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அதை அவர் ஆசையாகச் செய்தார். காலையில் படகில் போய், தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பார். ஏதாவது ஒரு கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பத்து மணிக்குத் திரும்பி வந்து என்னோடு உட்கார்ந்து சூடாக ஒரு கோப்பை தே குடிப்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வேலை நாளில் அவரோடு உட்கார்ந்து தே குடித்தது அப்போதுதான்.

ஆனால் கையில் இருந்தது முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சிப்பி தேறினால் அவர் வீட்டில் இருக்கலாம், தேறாவிட்டால் மறுபடியும் பாலம். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடலைக் காப்பாற்ற ஒரு கம்பெனி வந்து சேர்ந்தது.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடைக்கு நீலத் துணி, நாற்காலிக்கு நீல ரிப்பன். சாப்பாடுகூட நீலம்தான். சங்குப்பூவில் ஊறவைத்த சோற்றை அள்ளி வைத்தார்கள். கம்பெனித் தலைவர் காலுறை போடாமல் வெள்ளை வெளேரென்று சப்பாத்து போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே இவர் சேற்றுப் பக்கம் வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீலப் பொருளாதாரம் என்றார், பருவநிலை என்றார், மீள்திறன் என்றார். மூச்சுக்கு மூச்சு மீள்திறன். கடல்தான் நாளைய வங்கி என்று முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வங்கியைப் பற்றி எனக்குத் தெரியும். நமக்குத் தேவைப்படுகிற நேரத்தில் அது கதவைச் சாத்திவிடும். நான் தட்டவில்லை.

அவர்களுக்கு ஒரு தெப்பம் வேண்டியிருந்தது. முதலீட்டாளர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு சமூகம் வேண்டியிருந்தது. சமூகம் என்று அவர்கள் பிடித்தது என் கணவரை. கம்பெனியில் ஒரு தமிழ்ப் பெண் வேலை பார்த்தாள். கோலாலம்பூர்க்காரி, நல்ல சிரிப்பு, சமூகத் தொடர்பு அவள் பொறுப்பு. வீட்டுக்கே வந்து, என் முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். தெப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு அறிவார்ந்த மிதவையைக் கட்டுவார்களாம். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அது அளந்து போனுக்கு அனுப்புமாம்.

"அங்கிள், இனிமே நீங்க தினமும் கடலுக்குப் போக வேணாம் லா. கடல் உங்க போனுக்கு வந்துரும்."

"அப்ப மீனும் போனுக்கே வந்துருமாம்மா? மார்க்கெட்டுக்கு நடக்கிற வேலை மிச்சம்" என்றேன்.

அவள் சிரித்தாள். இவர் என்னை முறைத்தார். "உனக்கு எல்லாத்துலயும் நக்கல். புதுசா ஒண்ணு வந்தா நல்லதுன்னு நினைக்கவே மாட்டியா?"

மிதவை வந்தது. மஞ்சள் உடம்பு, மேலே சாய்வாக ஒரு கறுப்புத் தகடு. வெயிலில் மின்சாரம் எடுக்கிற தகடு. போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். திறந்தால் ஒரு முகம் வரும். கடல் நன்றாக இருந்தால் பச்சை முகம் சிரிக்கும், கெட்டுப்போனால் சிவந்து அழும். கப்பலையே வர்ணம் பார்த்து எடை போட்டவருக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடித்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் படகில் போவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவார், போனைத் திறப்பார். "நல்லாருக்கு" என்பார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து தே குடிப்பார். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. லாரி, வேன், தையல் மெஷின், ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று எதிரில் வருவதற்கெல்லாம் திருநீறு பூசிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். இவர் படகு எஞ்சினுக்குப் பூஜை போட்ட கையோடு மிதவைக்கும் போட்டார். நெற்றி என்று பார்த்தால் அந்தக் கறுப்புத் தகடுதான் இருக்கிறது. அதில் மூன்று பட்டை, நடுவில் பொட்டு. கம்பெனிப் பெண் கூடவே வந்து வீடியோ எடுத்தாள். அது எங்கெங்கோ சுற்றி, வெள்ளை சப்பாத்துக்காரர் உருகிப்போய்விட்டாராம். தொழில்நுட்பத்தை ஒரு சமூகம் தன் குலசாமியாக ஏற்றுக்கொண்டது என்று எழுதினாராம். சாயங்காலமே பெய்த மழையில் குலசாமி கழுவிப்போய் வெறும் தகடானது.

கதை அதோடு போயிருக்கும். ஆனால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வருகிறார்கள் என்று அந்தப் பெண் போன் செய்தாள்.

"அங்கிள், அந்தப் பொட்டு ரொம்ப கியூட்டா இருந்துச்சு. அவங்க வர்றப்பவும் இருந்தா நல்லாருக்கும். பாஸ் கேக்கறாரு."

"சந்தனம் நிக்காதேம்மா. மழை வந்தா போயிரும்."

"நிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா?"

ஷிப்யார்டில் முப்பது வருடம் பெயிண்ட் அடித்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? அலமாரிக்கு அடியிலிருந்து டின்களை இழுத்துப் போட்டார். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடந்தாலும் உரியாத கப்பல் பெயிண்ட். படகில் போனோம், டின்னை நான் பிடித்துக்கொண்டேன். தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவைத்து, நாடா ஒட்டி, ஒரு கோடு பிசகாமல் மூன்று வெள்ளைப் பட்டை அடித்தார். அது காய்ந்ததும் மறுபடியும் ஒரு பூச்சு. நடுவில் ரத்தச் சிவப்பில் பொட்டு.

"வெயில் தகடாச்சேங்க. மூடிட்டா பரவாயில்லையா?" என்றேன்.

"மிச்ச இடம் சும்மாதானே இருக்கு? அதுல வெயில் படும். அவங்க பாஸே கேட்டிருக்காரு. அவருக்குத் தெரியாதா?"

பாஸுக்குத் தெரியவில்லை. வந்த முதலீட்டாளர்களுக்கும் தெரியவில்லை. எல்லோரும் பெரிய படகில் வந்து, உயிர்காப்புச் சட்டையோடு மிதவையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தார். என் கணவர் தோளில் கையைப் போட்டுத் தலைவர் நின்றார். அத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது, வெயிலைக் குடிக்கிற வாயில் பெயிண்ட் அடித்திருக்கிறதே என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. நீலச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, லாரியோடு வந்தார். அவர் கடையில் ஒரு கல்யாண விருந்து இருந்தது, சிப்பி மொத்தமும் வேண்டும் என்றார். இவர் போனைத் திறந்து காட்டினார். பச்சை முகம் சிரித்தது. கீழே, இன்னும் சில வாரம் பொறுத்தால் சிப்பி நன்றாகத் திரளும் என்று போட்டிருந்தது.

"தவுக்கே, இப்ப எடுத்தா நஷ்டம். மாசக் கடைசியில வாங்க."

தவுக்கே தோளைக் குலுக்கிக்கொண்டு பக்கத்துத் தெப்பத்து மலாய்க்காரரிடம் போனார். அந்த மனிதர் அன்றைக்கே இருந்ததையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. ஆறு பெருகி, செம்மண் நிறத்தில் நல்ல தண்ணீர் ஜலசந்திக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. உப்பு குறைந்தால் கூப்பாங்குக்கு ஆகாது. அதைச் சொல்லத்தானே மிதவை? இவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார். பச்சை.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்திருங்களேன்" என்றேன்.

"இந்த மழையில எதுக்கு? அதான் சொல்லுதே."

மழை விட்டதும் பக்கத்துத் தெப்பக்காரர் போன் செய்து, அபாங், அதாவது அண்ணே, உங்கள் பக்கம் நாற்றம் தாங்கவில்லை, வந்து பாருங்கள் என்று மலாயில் சொன்னார். போனோம். இவர் முதல் கயிற்றை இழுத்தார். சிப்பி எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தது. அடுத்த கயிறு, அதுவும் அப்படியே. கையில் எடுத்தால் ஓடு கழன்று வந்தது. இவர் எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். பிறகு படகில் உட்கார்ந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பச்சையாத்தான் இருக்கு பாரு" என்றார். யாரோ தன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்ட மாதிரி அதை என்னிடம் நீட்டினார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் போனைப் பிடுங்கித் தண்ணீரில் எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். தகட்டில் அங்கங்கே மூடினாலும் மொத்தமும் படுத்துவிடுமாம். முதலீட்டாளர்கள் வந்து போன இரண்டாம் நாளே மிதவை செத்துவிட்டதாம். புதுச் செய்தி வராவிட்டால் செயலி கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிருக்குமாம். பார்க்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம். பயனர் கருவியை மாற்றியமைத்ததற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. தலைவர் நேரில் வரவில்லை, போனில்தான் பேசினார். இது எல்லோருக்கும் ஒரு பாடம், உங்கள் சமூகத்தின் மீள்திறனை நான் நம்புகிறேன் என்றார்.

"மீளணும்னா நாங்க மட்டும்தானா சார்?" என்று கேட்டேன். அவருக்கு அவசரமாக இன்னொரு கூட்டம் வந்துவிட்டது.

மிதவையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜொகூர் பாருவில் ஒரு ஓட்டலில் கண்காட்சியாம், கம்பளத்தின்மேல் விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார்களாம். பெயிண்டைச் சுரண்டவில்லை. முதலீட்டாளர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். செகண்ட் லிங்க் போகிற சாலையில் பெரிய விளம்பரப் பலகையும் வைத்துவிட்டார்கள். நீலக் கடல், பட்டை போட்ட மிதவை, அதன்மேல் கையை வைத்துச் சிரிக்கிற என் கணவர்.

அந்தப் பலகைக்குக் கீழேதான் அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறார். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தில் காவலாளி வேலை, நிற்க வேண்டிய வேலை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, துணிப்பட்டையை இறுக்கிக் கட்டிவிடுகிறேன். தே அவர் நின்றபடியே குடிக்கிறார்.

செயலியை மட்டும் அவர் போனிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், இருட்டில் அதை ஒரு தடவை திறந்து பார்ப்பார். அவர் முகத்தில் பச்சை வெளிச்சம் விழும்.

"இன்னிக்கும் கடல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்.